விசில் வைத்து அளந்த வேலி

எங்கள் கொல்லையை இரண்டாகப் பிரித்து வேலி போடுவது என்று முடிவானபோது என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. பேசாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு நிலத்தை எப்படி அளப்பது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிற எனக்கே அது அந்தச் சனி ஞாயிறில்தான் விளங்கியது. டேப்புக்கு இரண்டு முனை உண்டு. இந்த முனையில் நிற்கிறவர் "இழு" என்று சொன்னால்தான் அந்த முனையில் நிற்கிறவர் இழுப்பார். சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அறந்தாங்கியிலிருந்து ஆலங்குடி போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மாமனார் விட்டுப்போன மனை இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரைக்கும் நீளமாகக் கிடக்கும். கிழக்குத் தெருவைப் பார்த்து அண்ணன் வீடு, மேற்குத் தெருவைப் பார்த்து எங்கள் வீடு. இரண்டு வீட்டுக்கும் முதுகுப்பக்கம் சேர்ந்தாற்போல ஒரே கொல்லை. நடுவில் ஒரு ஆழ்துளைப் போர், அதில் ஒரு மோட்டார், பக்கத்தில் ஒரு துவைக்கிற கல், வாழை, முருங்கை, கட்டிப்போட்ட ஒரு பசு. கொல்லை வழியாகப் போனால் பேசிக்கொண்டே போய்விடலாம். தெரு வழியாகப் போனால் ரைஸ்மில், ரேஷன் கடை, பிள்ளையார் கோயில் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு, வழியில் நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டு போய்ச் சேர வேண்டும்.

வீட்டுக்காரரின் அண்ணனை என் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி நானும் பெரியப்பா என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி எனக்கு ஓரகத்தி, வாய்க்கு அக்கா. என் வீட்டுக்காரர் அபுதாபியில் பைப் லைன் கம்பெனியில் பதினான்கு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பதினான்கு வருஷமும் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பிறகு என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, தலை சீவி அனுப்பியது அக்காதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேலி என்ற பேச்சு வந்ததும் மற்றவர்களுக்கு அது கம்பியும் தூணும்தான். எனக்கு அக்காவை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நான் இந்தப் பக்கம் நிற்பது. இந்த இரண்டு பேரும் பேசாமல் இருப்பது கோபம். கோபம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். நடுவில் சிமெண்ட் தூண் நட்டுவிட்டால் அது சாகிற வரைக்கும் நிற்கும் என்று பயந்தேன்.

சண்டைக்குக் காரணம் என் மகள் கல்யாணத்து ஃபிளெக்ஸ். எங்கள் பக்கம் கல்யாண மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் வைக்காவிட்டால் கல்யாணம் செல்லாது. குடும்பத்தில் உள்ளவர்கள் படத்தையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான் ஃபிளெக்ஸ் கடைப் பையன். என் வீட்டுக்காரர் முதலில் காலமான மாமனார் படத்தை அனுப்பினார். அதற்கு அடுத்தாற்போலவே அண்ணன் படத்தை அனுப்பினார். அந்தப் பையன் இரண்டையும் சேர்த்து எடுத்து, மேலே மேகம் போட்டு, நடுவில் ஒரு குத்துவிளக்கு ஏற்றி, இரண்டு பேரையும் தெய்வமாக்கிவிட்டான். கீழே மற்ற எல்லோரும் கைகூப்பிக்கொண்டு நிற்கிறோம்.

விடிகாலையில் மண்டபத்துக்கு வந்த பெரியப்பா வாசலில் நின்று தன்னையே அண்ணாந்து பார்த்தார். கட்டுமாவடியிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஃபிளெக்ஸைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எப்ப தவறுனாரு? தாக்கலே வரலியே" என்று விசாரித்துவிட்டு உள்ளே போனார். பந்தியில் எதிர் இலையில் பெரியப்பா உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். மண்டபமே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் தப்பாகிப் போனது. மண்டபம் சிரித்ததைப் பெரியப்பா மன்னித்துவிட்டார். தம்பி சிரித்ததை மன்னிக்கவில்லை. அன்றைக்குத் தாலி கட்டி முடிந்ததும் அட்சதையைப் போட்டுவிட்டுப் போனவர்தான்.

"போட்டோவ அனுப்புனது நானு. மேகத்துல ஏத்துனது அவன். என்னைய என்ன பண்ணச் சொல்ற?" என்பார் என் வீட்டுக்காரர். அதை நேரில் போய்ச் சொல்லுங்கள் என்றால், "மூத்தவரு, அவருல்ல வந்து கேக்கணும்" என்பார். இந்த மாதிரி நியாயங்களுக்கு எட்டு மாதம் ஒரு நிமிஷமாய் ஓடிவிடுகிறது.

ஆவணி கடைசியில் பெரியப்பா அக்காவிடம் சொன்னார். அக்கா என்னிடம் சொன்னார். நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "கொல்லையப் பிரிச்சு நடுவுல வேலி போட்டுரணுமாம்."

"போட்டாப் போச்சு. நானா வேணாங்குறேன்?"

அந்தப் பதிலை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பினேன். எங்கள் வீட்டில் தபால் ஊழியர் வேலைக்குச் சம்பளம் கிடையாது.

சனிக்கிழமை காலையில் வேலி மேஸ்திரி வந்தார். சிமெண்ட் தூண் நட்டு, செயின் லிங்க் கம்பி வலை கட்டுகிறவர். காதில் போனை வைத்துக்கொண்டே வண்டியை விட்டு இறங்கினார். "அண்ணே, வந்துக்கிட்டே இருக்கேன், பத்து நிமிஷம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே எங்கள் வாழைக்கடியில் போய் நின்றார். அன்று முழுவதும் அவர் யாரிடமோ பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தார்.

"டேப்பெல்லாம் எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் உள்ளே போய், அபுதாபியிலிருந்து கொண்டுவந்த லேசர் கருவியை எடுத்து வந்தார். பட்டனை அமுக்கினால் சிவப்புப் புள்ளி போய் விழும். எவ்வளவு தூரம் என்று காட்டிவிடும். அதை எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒட்டிவைத்து அண்ணன் வீட்டுச் சுவரைப் பார்த்து அமுக்கினார். பதினோரு அடி என்றது. முழுக் கொல்லையும் பதினோரு அடிதானா என்று மேஸ்திரி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். பார்த்தால், நடுவில் ஒரு வாழை இலை. கொஞ்சம் நகர்ந்து மறுபடி அமுக்கினார். இப்போது இருபத்துச் சொச்சம். பட்டப்பகல் வெயிலில் புள்ளி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். பசுவின் வயிற்று நிழலில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் வாசற்படியில் நின்ற பெரியப்பா, வீட்டுக்குள் இருந்த அக்காவிடம் சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "துபாய்க்காரன் மாட்டுக்கு ஸ்கேன் எடுக்குறான், வந்து பாரு."

"அபுதாபின்னு சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர், என்னிடம்.

லேசர் உள்ளே போனது. மேஸ்திரி தன் நூறடி டேப்பை எடுத்தார். ஒரு முனையை எங்கள் சுவரடியில் என் வீட்டுக்காரர் பிடிக்க வேண்டும், மறு முனையை அந்தச் சுவரடியில் பெரியப்பா பிடிக்க வேண்டும். மேஸ்திரி நடுவில் நின்று டேப்பு வாழையில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேஸ்திரிக்குப் போன் வந்துவிட்டது. டேப்பு தொய்ந்து கிடந்தது. வாழைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். முகமும் தெரியவில்லை, பேச்சும் இல்லை.

திடீரென்று வாழைக்கு அப்பாலிருந்து விசில் கேட்டது. இரண்டு தடவை, அழுத்தமாக.

பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகும் கண்டக்டர் விசிலைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை. கழுதை மாடு விரட்ட ஆகும் என்பார். அன்றைக்கு ஆனது வேறு வேலைக்கு. என் வீட்டுக்காரர் காலேஜ் படித்த மூன்று வருஷமும் அண்ணன் பஸ்ஸிலேயே போய் வந்தவர். இரண்டு விசில் கேட்டதும் அவருடைய கால் தானாக முன்னே நடந்தது. டேப்பு இன்னும் தொய்ந்தது. ஒரு விசில். நின்றார். என்னைப் பார்த்தார்.

"பின்னால போங்க" என்றேன். "இழுக்கச் சொல்றாங்க."

"ரெண்டு விசிலு அடிச்சா முன்னாலதானே போகணும்? ரிவர்ஸுக்கு வேற மாதிரில்ல அடிக்கணும்?"

அந்தப் பக்கத்துக்கும் அது கேட்டுவிட்டது போலிருக்கிறது. விட்டு விட்டு, சின்னச் சின்னதாக விசில் வந்தது. பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் பின்னால் நின்று ஊதுவாரே, அதே ஊதல். என் வீட்டுக்காரர் அதே தாளத்துக்குப் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முதுகு முட்டி நின்றார். நீளமாக ஒரு விசில். டேப்பு கம்பியாக நின்றது. வாயைத் திறக்காமலே அண்ணனும் தம்பியும் கொல்லையை அளந்துவிட்டார்கள். எழுபத்தாறு அடி.

பாதிக்குப் பாதி முப்பத்தெட்டு. அந்த இடத்தில் கோடு போட வேண்டும். "சுண்ணாம்பு இருக்கா டீச்சர்?" என்றார் மேஸ்திரி. இல்லை. "ஏதாவது வெள்ளப் பொடி?" கோலப்பொடி தீர்ந்து போயிருந்தது. கோலப்பொடி இல்லாவிட்டால் என்ன, அரிசி மாவு இருக்கிறதே என்று இடியாப்பத்துக்கு வைத்திருந்த மாவை டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தேன். மேஸ்திரி நூல் பிடித்து, பக்கத்து மதிலிலிருந்து எதிர் மதில் வரை மாவுக்கோடு இழுத்தார். கோடு போர் பைப்பைத் தொட்டுக்கொண்டு போனது. தூண் நட வேண்டுமானால் யாராவது ஒருவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். அதைக் கேட்டதும் இரண்டு பக்கமும் ஆள் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரியும் பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்வதற்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் நானும் அக்காவும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தோம். கல் அந்தக் கோட்டுக்கு அங்கிட்டு இருந்தது. நான் கோட்டைத் தாண்டித்தான் போய் உட்கார்ந்தேன். அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஒனக்கு ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத" என்றார். சொல்லாத என்று அக்கா சொன்னால் சொன்னாலும் பரவாயில்லை என்று பொருள். அன்றைக்கு அந்த மாதிரி சொல்லவில்லை.

"அவருக்குக் கோவம் இல்லத்தா. பயம்."

"எதுக்குப் பயம்?"

"கல்யாணத்துக்கு முந்தி நெஞ்சுல ஸ்டென்ட்டு வச்சாங்கல்ல. அதுக்குப் பெறகு மூணு மாசத்துல அந்தப் படம். அவங்க அப்பாவுக்குப் பக்கத்துல, மேகத்துல. தம்பி சிரிச்சத ஊருக்குச் சொல்றாரு. ராத்திரியானா நெஞ்சத் தடவிக்கிட்டே படுத்துருக்காரு. 'எடம் போட்டு வச்சுட்டாங்கடி'ங்குறாரு."

அவருக்கு நெஞ்சடைத்த அந்த இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கிழக்குத் தெரு கார் நுழையாத சந்து. எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் கார் வரும். என் வீட்டுக்காரரும் கார் டிரைவரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து இந்தக் கொல்லை வழியாகத்தான் பெரியப்பாவைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை என் வீட்டுக்காரர் அவருடைய கையை விடவில்லை. அப்படிப்பட்ட மனிதர்தான் மண்டபத்தில் சிரித்தார். ஆம்பளைகளுக்கு எங்கே சிரிப்பது, எங்கே அழுவது என்பதை யாராவது ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும்.

மறுநாள் காலையில் கொல்லையில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். பேசிவிட்டார்களா என்று மனசு பட் பட் என்று அடித்துக்கொண்டது. பார்த்தால், இரண்டு பேரும் பசுவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ராத்திரியோட ராத்திரியா கோடு நகந்துருக்கு" என்று பெரியப்பா பசுவின் முதுகைத் தட்டிச் சொன்னார். "கோட்டுக்குக் காலா மொளைக்கும்?"

கோடு நடுவில் காணவே காணோம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இருந்தது. அதுவும் கலைந்து, பாதி மாவு பெரியப்பா பக்கமாகப் பரவிக் கிடந்தது. கண்ணுக்கு என்னமோ கோடு அங்கிட்டு ஒரு அடி தள்ளிப் போன மாதிரித்தான் இருந்தது.

"நாங்க யாரு எடத்தையும் திங்கிறதில்லன்னு சொல்லு" என்று என் வீட்டுக்காரர் பசுவின் கொம்புப் பக்கம் நின்று சொன்னார்.

"தின்னுருக்காங்களேன்னு சொல்லு."

பசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அசைபோட்டது. இந்த வீட்டில் நிதானம் உள்ள ஒரே ஜீவன் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அப்போது அக்காவின் கோழிகள் மூன்று முருங்கைக்கடியிலிருந்து வந்தன. முன்னால் வந்த சேவலின் அலகு வெள்ளைவெளேர் என்று இருந்தது. அது நேராக மதில் ஓரத்துக்குப் போய், மிச்சம் இருந்த எல்லையையும் எங்கள் கண் முன்னாலேயே கொத்தித் தின்ன ஆரம்பித்தது.

பெரியப்பா பல் விளக்கிய தண்ணீரைத் துப்பிவிட்டு, "அரிசி மாவுல கோடு போட்ட அறிவாளி யாரு?" என்று பசுவிடம் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு நானும் பசுவிடம்தான் பதில் சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு காப்பி போடப் போய்விட்டேன்.

மேஸ்திரி பதினொரு மணிக்கு வந்தார். மறுபடி டேப்பு, மறுபடி விசில். முதல் நாள் பழக்கத்தால் அன்றைக்கு வேலை மளமளவென்று ஓடியது. இந்தத் தடவை மாவு கிடையாது. முளைக்குச்சி அடித்து நூல் கட்டலாம் என்று மேஸ்திரி சுத்தியலை ஓங்கினார். "நில்லுங்க, நில்லுங்க" என்று அக்கா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். கையில் தினசரி காலண்டர். சுவரில் மாட்டியிருந்ததை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். அதன் பின்பக்க அட்டையில் மனையடி சாஸ்திரம் போட்டிருந்தது.

"முப்பத்தெட்டுக்கு என்ன போட்டுருக்கு பாருத்தா" என்று என்னிடம் நீட்டினார். "கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல."

பார்த்தேன். முப்பத்தெட்டு அடிக்கு நேராகப் பேய் குடியிருக்கும் என்று இருந்தது. வாசித்தேன். கொல்லையில் எல்லோரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள்.

"அது ரூமுக்கும்மா, வேலிக்கு இல்ல" என்றார் மேஸ்திரி.

"பேய்க்கு ரூமு எது, கொல்லை எதுன்னு தெரியுமா?" என்றார் அக்கா. கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாதவருக்கு எந்த எண் கெட்டது என்று எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

முப்பத்தேழு நல்லது, முப்பத்தொன்பதும் நல்லது என்று இருந்தது. ஒருவருக்கு முப்பத்தேழு, மற்றவருக்கு முப்பத்தொன்பது வைத்துக்கொண்டால் பேயும் வராது, போரும் இடிக்காது. யாருக்கு எது? உலகத்தில் மற்ற குடும்பங்களில் இதற்கு வேறு மாதிரி சண்டை வரும். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் முப்பத்தேழுதான் வேண்டும் என்று நின்றார்கள்.

"பெரிய பங்கு அண்ணனுக்கே இருக்கட்டும்னு சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம். "இல்லாட்டி, மூத்தவன ஏமாத்திட்டான்னு நாளைக்கு ஊரே பேசும்."

"அவன் குடுத்து நான் வாங்குற நெலமையில இல்லன்னு சொல்லு" என்றார் பெரியப்பா அக்காவிடம். "வேணும்னா அவன் ரெண்டடி கூட வச்சுக்கட்டும். பேரம்பேத்தி எடுக்கப் போறவன்."

"அப்ப அவங்களுக்குப் பேரம்பேத்தி இல்லையாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்களுக்கு எல்லாம் இருக்கு. நெலந்தான் வேணாம்."

முளைக்குச்சியை வைத்துக்கொண்டு மேஸ்திரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். என் வீட்டுக்காரர் குச்சியைப் பிடுங்கி எங்கள் பக்கம் தள்ளி நட்டார். பெரியப்பா ஒரு விசில் அடித்துவிட்டு, வந்து பிடுங்கி அவர் பக்கம் தள்ளி நட்டார். எனக்கு உச்சிவெயிலில் தலை வலித்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரே பெஞ்சுக்கு அடித்துக்கொண்டால் நான் போடுகிற சத்தத்தை அன்றைக்குப் போட்டேன்.

"ஆளுக்கு முப்பத்தேழு வச்சுக்கங்க! நடுவுல ரெண்டடி யாருக்கும் வேணாம்! அதப் பேய்க்குக் குடுத்துருங்க!"

எரிச்சலில் சொன்னதுதான். பெரியப்பா தாடையைச் சொறிந்தார். என் வீட்டுக்காரர் நடுவில் வந்து நின்று இரண்டடியைக் காலால் வைத்துப் பார்த்தார். "இது சரியாத்தான் இருக்கு" என்று இரண்டு பேரும் இரண்டு பேரிடம் சொன்னார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வேலியைத் தடுக்க முடியாதவள், என் வாயாலேயே இரண்டு வேலியாக்கிவிட்டேன்.

"அப்ப வேலி ரெண்டு!" என்றார் மேஸ்திரி. வந்த போனைக் கட் பண்ணிவிட்டார். இரண்டு நாளில் அவர் போனைக் கட் பண்ணியது அப்போதுதான்.

நூல் கட்டிப் பார்த்தோம். இரண்டு நூலுக்கு நடுவில் இரண்டடிச் சந்து. போர் சரியாக அந்தச் சந்துக்குள் மாட்டிக்கொண்டது. ஒரு மோட்டாரிலிருந்து இரண்டு வீட்டுத் தொட்டிக்கும் தண்ணீர் போக வேண்டும். வால்வைக் கையால் திருப்பினால்தான் போகும். காலையில் எங்களுக்குத் திருப்ப வேண்டும், மதியம் அவர்களுக்குத் திருப்ப வேண்டும். "உள்ள எப்புடிப் போறது?" என்றார் மேஸ்திரி. "கேட்டு வைக்கணும். ரெண்டு வேலியிலயும் போருக்கு நேரா ஒவ்வொரு கேட்டு."

பெரியப்பா டேப்பின் ஒரு முனையை அந்த நூலில் வைத்துப் பிடித்தார். என் வீட்டுக்காரர் மறு முனையை இந்த நூலில் வைத்துப் பிடித்தார். இரண்டடிதான் இடைவெளி. இரண்டு நாளும் வாழை மறைத்தது. இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் டேப்பையே பார்த்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். பெரியப்பாவின் கழுத்து எவ்வளவு ஒடுங்கிப்போய்விட்டது என்பது எனக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது. என் வீட்டுக்காரருக்கும் பட்டிருக்க வேண்டும்.

"கேட்டு மூணடி போட்டுறலாமா?" என்றார் மேஸ்திரி. "பூட்டு எந்தப் பக்கம் வைக்கணும்?"

"எங்க கேட்டுக்கு எங்க பக்கம்" என்றார் என் வீட்டுக்காரர், முகத்தை நிமிர்த்தாமல்.

பெரியப்பா வாயிலிருந்த விசிலை எடுத்தார்.

"ஏண்டா" என்றார். "ராத்திரி எனக்கு நெஞ்ச அடைச்சா, நீ ரைஸ்மில்லு, ரேசன் கடையெல்லாம் சுத்திக்கிட்டா ஓடியாருவ?"

என் வீட்டுக்காரர் டேப்பை விட்டுவிட்டார். மேஸ்திரிகூடப் போனை எடுக்கவில்லை.

"சுத்துவானேன்?" என்றார் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "எகிறிக் குதிச்சு வருவேன்."

"ஆமா, குதிப்ப. மூட்டுவலி வச்சுக்கிட்டுப் படியேற முடியல, வேலி தாண்டுறானாம். சரி, வந்துட்ட. மூணடிக் கேட்டுல என்னைய எப்புடிடா வெளிய கொண்டாருவ? அன்னைக்கி நீயும் டிரைவரும் ரெண்டு பக்கமும் புடிச்சுத்தானே கொண்டாந்தீங்க? மூணு பேரு நொழையுவமா?"

என் வீட்டுக்காரர் மேஸ்திரியைப் பார்த்து, "அஞ்சடி போடுங்க" என்றார். "ரெண்டு கேட்டும் அஞ்சடி. பூட்டு வேணாம்."

"அஞ்சடி எதுக்குடா? நாலு போதும். நான் என்ன அம்புட்டுக் குண்டாவா இருக்கேன்?"

"நீ சும்மா இரு. அஞ்சுதான்."

"நாலுங்குறேன். காச என்ன மரத்துலயா பறிக்கிற?"

"எனக்குத் தெரியும் எவ்வளவு வேணும்னு. அன்னைக்கித் தூக்குனது நீயா, நானா?"

"தூக்குனதச் சொல்லிக் காட்டுறியாடா?"

"சொல்லிக்காட்டல, அளவு சொல்றேன்!"

இரண்டு பேர் குரலும் ஏறிக்கொண்டே போனது. பசு மிரண்டு எழுந்து நின்றது. உள்ளே வேலையாகப் போயிருந்த அக்கா சத்தம் கேட்டு ஈரக் கையோடு ஓடி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"என்னத்தா, சண்டையா?"

"ஆமாக்கா" என்றேன். "அவங்க ரெண்டு பேரும். நேருக்கு நேரா."

அக்கா அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.